சைகோன் வீதி யாருக்குச் சொந்தம்?

வியட்நாமுக்குப் போய்த் திரும்புகிறவர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்து பேசுவதைக் கேட்கிறோம். "அங்கே கம்யூனிசம் எங்கே இருக்கிறது? வானளாவிய கட்டடங்களையும் அமெரிக்கக் காப்பிக் கடைகளையும்தான் பார்த்தோம்" என்று ஒரு கட்சியார் ஏளனம் செய்கிறார்கள். முதலாளித்துவப் பத்திரிகைகளுக்கு இந்தப் பேச்சு வெல்லமாக இனிக்கிறது. மற்றொரு கட்சியார் நம்முடைய நண்பர்கள். உலகத்தின் பெரிய ஏகாதிபத்தியத்தை மண்ணைக் கவ்வ வைத்த நாட்டில் குறை காண இடமேது என்று அவர்கள் சாதிக்கிறார்கள். இரு கட்சியாருமே பழைய சைகோனை, அதாவது இன்றைய ஹோ சி மின் நகரத்தை, ஓட்டல் காரின் கண்ணாடிக்குள் இருந்து பார்த்தவர்கள் என்பது நமது அபிப்பிராயம்.

அந்த நகரத்தைக் காரிலிருந்து பார்க்க முடியாது. வியட்நாமின் ஜனத்தொகை சுமார் 10 கோடி. அங்கே பதிவான மோட்டார் சைக்கிள்கள் 7 கோடிக்கும் மேல். சைகோனில் மட்டும் 70 லட்சத்துக்கும் அதிகம். ஆலைக்குப் போகும் பெண், பள்ளிக்குப் போகும் குழந்தை, சந்தைக்கு வரும் மீன்கூடை, வீடு மாற்றுகிறவரின் பீரோ - அத்தனையும் இரண்டு சக்கரத்தின் மேல்தான் போகின்றன. ஜனங்கள் எந்த வாகனத்தில் போகிறார்களோ அந்த வாகனத்தில் போனால்தான் ஜனங்களைக் காணலாம். ஆகவே நாம் வாடகை மோட்டார் சைக்கிள்களின் பின்னிருக்கையில் ஏறி உட்கார்ந்து மூன்று நாட்கள் நகரைச் சுற்றினோம். இந்த வாடகை வண்டிக்கு அங்கே "ஸே ஓம்" என்று பெயர். "கட்டிக்கொள்ளும் வண்டி" என்று பொருள். பின்னால் இருப்பவர் ஓட்டுகிறவரைக் கட்டிக்கொண்டு போவதால் வந்த பெயர். அங்கே வலது பக்கம் ஓட்டுவது வழக்கம். இடது பக்கத்துக்குப் பழகிய நமக்கு முதல் அரைமணி நேரம் உயிர் கையில் இல்லை. பிறகுதான் அந்த வெள்ளத்திலும் ஓர் ஒழுங்கு இருப்பது தெரிந்தது. சாலையைக் கடக்கும் கிழவி ஓடுவதில்லை, நிற்பதில்லை. ஒரே சீராக நடக்கிறாள். ஆயிரம் வண்டிகளும் அவளுக்கு இருபுறமும் விலகிப் போகின்றன.

துறைமுகத்திலிருந்து தொடங்குவோம்

முதலில் ஞா ரோங் துறைக்குப் போனோம். 1911 ஜூன் 5-ம் தேதி, நுயென் தாத் தான் என்ற 21 வயது வாலிபர் இங்கிருந்துதான் ஒரு பிரெஞ்சுக் கப்பலில் சமையற்கட்டு எடுபிடியாக ஏறினார். பிற்காலத்தில் உலகம் அவரை ஹோ சி மின் என்று அறிந்தது. "மாமா ஹோ" என்று நாம் ஆங்கில வழியில் சொல்லிப் பழகியிருக்கிறோம். வியட்நாமியர் வழங்கும் சொல்லோ "பாக்". தகப்பனாருக்கு மூத்த சகோதரர் என்று பொருள். நம் பாஷையில் பெரியப்பா. அந்தச் சொல்லில் இருக்கும் பாசத்தையும் மரியாதையையும் தமிழ்நாட்டாருக்கு விளக்க வேண்டியதில்லை.

அங்கிருந்து ஆற்றங்கரையோடு சிறிது தூரம் போனால் பா சோன். ஒரு காலத்தில் பிரெஞ்சுக்காரர்களின் கப்பல் பட்டறை. 1925 ஆகஸ்டில் இப்பட்டறைத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். சீன மக்களின் போராட்டத்தை ஒடுக்கப் புறப்பட்ட ஒரு பிரெஞ்சுப் போர்க்கப்பல் பழுதுபார்க்க வந்து இங்கே நின்றது. அதைச் சீக்கிரம் செப்பனிட்டு அனுப்ப மறுத்தார்கள் தொழிலாளர்கள். தம் சம்பளத்துக்கு மட்டும் போராடவில்லை. அண்டை நாட்டு உழைப்பாளிக்காகவும் தம் சுத்தியலைக் கீழே வைத்தார்கள். அப்போராட்டத்துக்குத் தலைமை வகித்தவராகப் போற்றப்படும் தோன் துக் தாங் பல ஆண்டுகள் கோன் தாவ் தீவுச் சிறையில் வாடி, 1969-ல் ஹோ சி மின் மறைந்த பிறகு நாட்டின் ஜனாதிபதியானார். ஒரு பட்டறைத் தொழிலாளி ஜனாதிபதியான வரலாறு எத்தனை நாடுகளுக்கு உண்டு?

இன்று அந்த இடத்தில் என்ன இருக்கிறது? பட்டறை நகருக்கு வெளியே போய்விட்டது. ஆற்றைப் பார்த்த அந்த மண்ணில் பணக்காரர்களின் அடுக்குமாடிகள் எழும்பி நிற்கின்றன. 2024 டிசம்பர் 22-ல் ஓடத் தொடங்கிய நகரின் முதல் மெட்ரோ ரயிலில் ஒரு நிலையத்துக்கும், 2022-ல் திறந்த பாலம் ஒன்றுக்கும் பா சோன் என்று பெயர் சூட்டியிருக்கிறார்கள். பெயர் தொழிலாளிக்கு, மாடி செல்வந்தனுக்கு என்று பிரிந்திருப்பதைப் பார்க்க நெஞ்சு உறுத்துகிறது.

அந்தப் பாலத்தைத் தாண்டி ஓட்டினால் து தியேம். புதிய நகரம் அமைப்பதற்காக இங்கே குடியிருந்த மக்களை அப்புறப்படுத்தினார்கள். திட்ட எல்லைக்கு வெளியே இருந்த 4.3 ஹெக்டேர் நிலத்தையும் சேர்த்து எடுத்துக்கொண்டது தவறு என்று 2018-ல் மத்திய சர்க்காரின் சோதனைத் துறையே தீர்ப்புச் சொன்னது. பாதிக்கப்பட்ட மக்கள் வருஷக்கணக்காக விடாமல் மனுப்போட்டு முறையிட்டதன் பலன் இது. தவறு நடந்தது உண்மை. அதைச் சர்க்காரே வெளிப்படையாகச் சொல்ல வேண்டி வந்ததும் உண்மை. இரண்டில் ஒன்றை மறைப்பவர் வியட்நாமுக்கு நண்பர் ஆக மாட்டார்.

இரத்தம் சிந்திய வீதிகள்

விமான நிலையத்திலிருந்து நகருக்குள் வரும் நெடுஞ்சாலையின் பெயர் நுயென் வான் திராய். அவர் ஒரு மின்சாரத் தொழிலாளி. 1964-ல் அமெரிக்க யுத்த மந்திரி மக்னமாரா வரும் வழியில், ஒரு பாலத்தின் அடியில் கண்ணி வைக்க முயன்று பிடிபட்டார். அவ்வாண்டு அக்டோபர் 15-ல் அவரைச் சுட்டுக் கொன்றார்கள். அமெரிக்க மந்திரி வந்த அதே வழிக்கு இன்று அந்தத் தொழிலாளியின் பெயர். உல்லாசப் பிரயாணிகள் எத்தனையோ பேர் அந்த வழியாகத்தான் நகருக்குள் வருகிறார்கள். பெயர்ப்பலகையைப் படிக்கிறவர் எத்தனை பேர்?

லீ சின் தாங் வீதி 7-ம் எண்ணில் ஃபோ பின் என்ற சிறிய சேமியாச் சூப்புக் கடை. கீழே அமெரிக்கச் சிப்பாய்கள் சூப்புக் குடித்துக்கொண்டிருந்தபோது மாடியில் விடுதலைப் படையின் தளபதிகள் 1968 புத்தாண்டுத் தாக்குதலுக்குத் திட்டம் தீட்டினார்கள். "பின்" என்றால் சமாதானம். கடை இன்னும் நடக்கிறது. அங்கிருந்து சிறிது தூரத்தில் பழைய ஜனாதிபதி மாளிகை. 1975 ஏப்ரல் 30-ல் 390-ம் எண் டாங்கி அதன் பெரிய கேட்டை இடித்துக்கொண்டு உள்ளே நுழைந்தது. பக்கத்து வாசலில் சிக்கி நின்ற 843-ம் எண் டாங்கியின் தளபதி இறங்கி ஓடி, மாடியேறி, விடுதலைக் கொடியை ஏற்றினார். அன்று நம் நாட்டிலும் எத்தனை வீடுகளில் மகிழ்ச்சி பொங்கியது! அமெரிக்கத் தூதரக அலுவலகம் இருந்த கல்கத்தா வீதிக்கே ஹோ சி மின் பெயரைச் சூட்டிய நாடல்லவா நம் நாடு!

சந்துகளின் நகரம்

இவையெல்லாம் பெரிய வீதிகள். இவற்றைக் காரிலிருந்தும் பார்க்கலாம். ஆனால் சைகோன் மக்களில் மிகப்பலர் பெரிய வீதிகளில் வசிக்கவில்லை. "ஹெம்" என்று சொல்லும் சந்துகளில் வசிக்கிறார்கள். சந்திலிருந்து சந்து, அதிலிருந்து இன்னொரு சந்து. 48/12/7 என்று ஒரு வீட்டு எண் இருந்தால், வீதியின் 48-ம் எண்ணில் திரும்பி, 12-ல் மறுபடி திரும்பி, 7-வது வீட்டைத் தேட வேண்டும். இந்தச் சந்துகளில் பலவற்றில் கார் நுழையாது. இரு சக்கர வாகனம் மட்டுமே நுழையும்.

ஓட்டல் காரில் போகிறவர் காணாத நகரம் இது. ஓர் அறை வீடு. பகலில் அதுவே தையற்கூடம், இரவில் ஆறு பேர் படுக்கும் இடம், மூலையில் மோட்டார் சைக்கிள். வாசலில் முழங்கால் உயரப் பிளாஸ்டிக் முக்காலி போட்டு ஒருத்தி காப்பி விற்கிறாள். அவளுக்குப் பக்கத்தில் ஒரு கிழவர் காற்றடிக்கும் பம்போடு உட்கார்ந்து பஞ்சர் ஒட்டுகிறார். சந்து முனையில் ஐஸ் போட்ட தேநீர்ப் பீப்பாய் ஒன்று. குடிக்கக் காசில்லை என்று எழுதியிருக்கிறது. வெயிலில் வரும் கூலியாளும் லாட்டரிச் சீட்டு விற்கும் பாட்டியும் ஓட்டியும் அதில் குடித்துப் போகிறார்கள். அதற்குப் பெயர் உபகாரம் அல்ல, அண்டை வீட்டு மரியாதை என்றார் எம்மை அழைத்துப் போனவர்.

இந்த நகரத்தில் தமிழனின் தடமும் உண்டு. ஊர் நடுவில் ஒரு மாரியம்மன் கோவிலும், தோன் தாத் தியேப் வீதியில் நகரத்தார் எழுப்பிய தெண்டாயுதபாணி கோவிலும் இருக்கின்றன. பிரெஞ்சு ஆட்சியின் நிழலில் வட்டிக்கடை நடத்தவும், புதுச்சேரியிலிருந்து ஆட்சியாளரின் உத்தியோகஸ்தராகவும் வந்தவர்கள் நம்மவர். அவர்களில் பெரும்பாலோர் போய்விட்டார்கள். அம்மனை இன்று பெரும்பாலும் வியட்நாமியர்தான் கும்பிடுகிறார்கள். லேவாதேவி போன பிறகும் நம் தெய்வத்தை அந்த ஜனங்கள் வைத்துக் காப்பாற்றுகிறார்கள்.

நியூ லோக் கால்வாய்க் கரையோரமாக ஓட்டிப் போவது ஓர் இன்பம். ஒரு காலத்தில் அது சாக்கடை. இருகரையிலும் கால்நட்டு எழுப்பிய குடிசைகள். குடிசைவாசிகளுக்கு வேறிடத்தில் வீடு கொடுத்து, கால்வாயைச் சுத்தம் செய்து, 2012-ல் இரு கரையிலும் சாலையும் மரமும் அமைத்து முடித்தார்கள். மாலையில் அங்கே மீன் துள்ளுகிறது. கிழவர்கள் உடற்பயிற்சி செய்கிறார்கள். "கம்யூனிசம் எங்கே?" என்று கேட்டவர்கள் இந்தக் கரைக்கு வந்ததில்லை.

பச்சைச் சட்டைக்காரர்கள்

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருவோம். இந்த வீதிகளில் எங்கு திரும்பினாலும் கம்பெனிச் சட்டை போட்ட வாலிபர்கள். கிராப் கம்பெனிக்குப் பச்சை, மற்றவற்றுக்கு வேறு நிறம். கைப்பேசியில் உத்தரவு வருகிறது; ஆளை ஏற்றுகிறார்கள், சோறு கொண்டு போகிறார்கள், பார்சல் சுமக்கிறார்கள். முன்பெல்லாம் சந்து முனையில் வண்டியை நிறுத்திக் காத்திருந்த பழைய ஸே ஓம் ஓட்டியின் பிழைப்பைக் கைப்பேசி விழுங்கிவிட்டது.

வண்டி யாருடையது? ஓட்டியுடையது. பெட்ரோல் யார் போடுவது? ஓட்டி. விழுந்து அடிபட்டால் முதலில் கையைப் பிசைவது யார்? ஓட்டி. கம்பெனிக்குச் சொந்தம் ஒரு கணக்குப் பொறி மட்டுமே. ஆயினும் ஒவ்வொரு சவாரியிலும் கம்பெனி தன் பங்கை முதலில் எடுத்துக்கொள்கிறது. அவனைத் தொழிலாளி என்று அழைப்பதில்லை. "பங்காளி" என்று அழைக்கிறது! லாபத்தில் பங்கில்லாத பங்காளி. தொழிலாளி என்றால் கொடுக்க வேண்டிய உரிமைகளைக் கொடுக்காமலிருக்கக் கண்டுபிடித்த சொல் இது.

2018-ல் தென்கிழக்கு ஆசியாவில் ஊபர் கம்பெனியின் வியாபாரத்தை, சிங்கப்பூரைத் தலைமையிடமாகக் கொண்ட கிராப் விழுங்கியது. 2020 டிசம்பரில் புதிய வரி விதி ஒன்று வந்தது. வரியின் சுமையைக் காரணம் காட்டி, மோட்டார் சைக்கிள் ஓட்டியிடம் பிடிக்கும் தொகையைக் கிராப் 20 சதவிகிதத்திலிருந்து ஏறத்தாழ 27 சதவிகிதமாக உயர்த்தியது. ஹனோயிலும் சைகோனிலும் ஓட்டிகள் கைப்பேசியை அணைத்துவிட்டு, கொடி கட்டி, கூட்டமாக வீதியில் ஓட்டிக் கண்டனம் தெரிவித்தார்கள். 1925-ல் பா சோன் பட்டறையில் கேட்ட குரலுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று யார் சொல்ல முடியும்?

1986-ல் வியட்நாம் கட்சி "தோய் மோய்" என்ற புதுப்பித்தல் கொள்கையை ஏற்றது. யுத்தத்தாலும் அமெரிக்கத் தடையாலும் பட்டினியின் விளிம்பில் நின்ற நாடு, இன்று உலகத்துக்கு அரிசி ஏற்றுமதி செய்கிறது. அந்த வெற்றியை நாம் மறுக்கவில்லை. ஆனால் கதவைத் திறந்தால் காற்றோடு மூலதனமும் உள்ளே வருகிறது. வந்த மூலதனம் சும்மா இருப்பதில்லை. உழைப்பவனின் தோளில் ஏறி உட்கார இடம் தேடுகிறது. அதைக் கட்டுக்குள் வைப்பதுதான் உழைப்பாளியின் பெயரால் ஆளும் அரசாங்கத்தின் கடமை.

புகைக்கு யார் விலை கொடுப்பது?

அந்தக் கடமைக்குப் பரீட்சை வந்துவிட்டது. சைகோனிலும் ஹனோயிலும் புகை பெரும் தொல்லை. மூன்று நாட்களில் நம் கண்ணும் தொண்டையும் எரிந்தன. வாழ்நாள் முழுவதும் அதைச் சுவாசிக்கிறவன் ஓட்டிதான். குளிர்சாதனக் காரில் போகிறவன் அல்ல. ஆகவே காற்றைச் சுத்தம் செய்ய வேண்டும் என்பதில் நமக்கு இரண்டு அபிப்பிராயம் இல்லை.

2025 ஜூலை 12-ல் வியட்நாம் பிரதமர் ஓர் ஆணை பிறப்பித்தார். ஹனோயின் நடுநகரமான முதல் வட்டச் சாலைக்குள் பெட்ரோல் மோட்டார் சைக்கிள்கள் ஓடுவதை 2026 ஜூலை 1-க்குள் நிறுத்த நடவடிக்கை எடுக்குமாறு அது ஹனோய் நிர்வாகத்தைப் பணித்தது. பெட்ரோல் கார்களுக்கு அந்த ஆணையில் குறித்த தேதி 2028 ஜனவரி 1. அதுவும் தடை இல்லை, கட்டுப்பாடு. சைகோனிலும் வாடகைக்கும் பார்சலுக்கும் ஓடும் சுமார் 4 லட்சம் மோட்டார் சைக்கிள்களை மின்சார வண்டிகளாக மாற்ற நகரின் ஆராய்ச்சி நிறுவனம் ஒரு திட்டம் வகுத்தது.

மோட்டார் சைக்கிளுக்குத் தடை, காருக்குக் கட்டுப்பாடு, அதுவும் ஒன்றரை வருஷம் கழித்து! இந்த வரிசை சரியா என்று அந்நாட்டு மக்களே கேட்டார்கள். நாமும் கேட்கிறோம். ஒரு கார் அடைத்துக்கொள்ளும் இடத்தில் எத்தனை மோட்டார் சைக்கிள்கள் போகும் என்பதை அந்த வீதியில் நின்று பார்த்தவர்களுக்குத் தெரியும்.

"2007-ல் தலைக்கவசம் போடச் சட்டம் வந்தபோதும் இப்படித்தான் முணுமுணுத்தார்கள், பிறகு பழகிவிட்டார்கள்" என்று சிலர் வாதிக்கிறார்கள். அந்தச் சாதனையை நாமும் போற்றுகிறோம். 2007 டிசம்பர் 15-ல் சட்டம் அமலுக்கு வந்தது. சில நாட்களில் நாடு முழுவதும் பத்துக்கு ஒன்பது பேருக்கு மேல் தலைக்கவசம் அணிந்துவிட்டார்கள். உலகமே வியந்த காரியம் அது. ஆனால் தலைக்கவசம் வேறு, வண்டி வேறு. கவசத்தைச் சில நாள் கூலியில் வாங்கலாம். வண்டியோ சந்து வீட்டுக் குடும்பத்தின் முழு முதல். கடன் வாங்கி வாங்கிய வண்டியின் தவணை தீருமுன் இன்னொரு வண்டிக்குக் கடன் வாங்கு என்று சொன்னால், காற்று சுத்தமாகும். ஓட்டியின் அடுப்பு அணையும். மின்சார வண்டியை அவன் எங்கே சார்ஜ் செய்வான்? ஆறு பேர் படுக்கும் அதே அறையிலா? பாட்டரி தீப்பிடித்தால் தப்பி ஓட அந்தச் சந்தில் வழி எங்கே?

ஆகவே நமது அபிப்பிராயம் இது. முதலில், பழைய வண்டியை ஒப்படைக்கும் உழைப்பாளிக்கு நியாயமான விலையைச் சர்க்கார் கொடுக்க வேண்டும். இரண்டாவது, ஓட்டிகளின் உழைப்பில் கொழுத்த கம்பெனிகள் புதிய வண்டிச் செலவில் பெரும்பங்கை ஏற்க வேண்டும். அவனுடைய கூலியில் அதைப் பிடித்தம் செய்வதைச் சட்டம் தடுக்க வேண்டும். மூன்றாவது, சந்துதோறும் பொது சார்ஜ் நிலையங்களும் தீப் பாதுகாப்பும் வந்த பிறகே தடை வர வேண்டும். நான்காவது, பஸ்ஸும் ரயிலும் பெருக வேண்டும். 2012-ல் தொடங்கிய முதல் மெட்ரோ ரயில் 20 கிலோமீட்டருக்கும் குறைந்த பாதையில் ஓடத் தொடங்க 12 ஆண்டுகள் பிடித்தன. ஒரே ஒரு ரயில் பாதையை நம்பி லட்சக்கணக்கானவர்கள் வண்டியை விட்டிறங்க முடியாது. ஐந்தாவது, எல்லாவற்றுக்கும் மேலாக, ஓட்டியைத் தொழிலாளி என்று சட்டம் அங்கீகரித்து, திட்டம் வகுக்கும் மேஜையில் அவனுடைய சங்கத்துக்கு நாற்காலி போட வேண்டும்.

இது வியட்நாமுக்கு வெளியிலிருந்து நாம் செய்யும் உபதேசம் அல்ல. அந்த நாட்டுத் தொழிலாளி வர்க்கம் தன் வரலாற்றில் ஏற்கெனவே எழுதிவைத்த நியாயம். முதலாளித்துவ நாடு ஒன்றில் இந்தக் கோரிக்கைகளை வைத்தால், "சந்தை சம்மதிக்காது" என்று பதில் வரும். வியட்நாமில் அந்தப் பதிலுக்கு இடமில்லை. அங்கே நிலம் முழு மக்களுக்கும் சொந்தம் என்று அரசியல் சட்டம் சொல்கிறது. ஆளும் கட்சி தொழிலாளி வர்க்கத்தின் முன்னணிப் படை என்று தன்னை அழைத்துக்கொள்கிறது. சாக்கடையைக் கால்வாயாக்கிய சர்க்காருக்கு, சில நாளில் ஒரு நாட்டையே தலைக்கவசம் போட வைத்த சர்க்காருக்கு, ஒரு சவாரிக் கம்பெனியை வழிக்குக் கொண்டுவரும் சக்தி இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. சக்தி இருக்கிறது, அதை யார் பக்கம் திருப்புவது என்பதே பிரச்னை.

நம் தோழர்கள் எவரேனும் அந்த நகரத்துக்குப் போக நேர்ந்தால் அவர்களுக்கு ஒரு வார்த்தை. மாளிகையையும் மியூசியத்தையும் அவசியம் பாருங்கள். ஆரஞ்சு விஷம் பொழிந்த கொடுமையின் சாட்சிகளைப் பார்த்துத் தலை குனியுங்கள். பிறகு ஒரு மோட்டார் சைக்கிளின் பின்னால் ஏறிக்கொள்ளுங்கள். கார் நுழையாத சந்தில் திரும்பச் சொல்லுங்கள். முக்காலியில் உட்கார்ந்து காப்பி குடித்தபடி, வண்டி ஓட்டி வந்தவரிடம் கம்பெனி எவ்வளவு பிடிக்கிறது, வண்டித் தவணை எத்தனை பாக்கி, பிள்ளை எந்த வகுப்புப் படிக்கிறது என்று கேளுங்கள். திரும்பி வந்து அதைத் தொழிற்சங்கக் கூட்டத்தில் சொல்லுங்கள். நம் ஊரிலும் முதுகில் பையைக் கட்டிக்கொண்டு, கைப்பேசி உத்தரவுக்கு ஓடும் தம்பிமார் அந்தக் கூட்டத்தில் இருப்பார்கள். அவர்களுக்கு மொழிபெயர்ப்பு தேவைப்படாது.